கலாசாலையைக் கண்டு வருதலும் இடம் பெறுதலும்

பரீட்சைகள் முடிந்து, கலாசாலைகளில் மாணவரைச் சேர்க்கும் பருவம் வருந்தோறும் திருவெறும்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஒரே கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. "நேரில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இடம் கிடைக்குமா?" என்பதே அக்கேள்வி. தகப்பன்மார் கேட்கின்றனர், தாய்மார் கேட்கின்றனர், தேசத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் நம் நண்பர்களிடமும் ஜனங்கள் இதே கேள்வியோடு வந்து நிற்கின்றனர். கேள்வி சிறியதுபோல் தோன்றினும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் எதிர்காலமும், நமது குடியரசு ஜனங்களுக்கு அளித்த வாக்கும் இதனுள் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனை ஆற அமர ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

திருச்சிராப்பள்ளியைப்போல் கலாசாலைகள் நெருங்கி நிற்கும் நகரங்கள் தமிழ் நாட்டில் அதிகமில்லை. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் இந்நகருக்கு வந்து சேர்ந்தது தூய வளனார் கலாசாலை. 1919-இல் தேசீயக் கலாசாலையும், 1923-இல் பெண்களுக்கான சிலுவைக் கலாசாலையும் கிளம்பின. சுயராஜ்யம் வந்த பின் 1951-இல் ஜமால் முகமது கலாசாலையும் சீதாலக்ஷ்மி ராமஸ்வாமி கலாசாலையும் ஏற்பட்டன. 1982-இல் பாரதிதாசன் சர்வகலாசாலை அமைந்தது. திருவெறும்பூர்த் தாலூகாவின் எல்லைக்குள்ளேயே, தஞ்சாவூர்ச் சாலையில், துவாக்குடியில் 1964-இல் நிறுவப்பட்ட வட்டார எஞ்சினீயரிங் கலாசாலை 2003-இல் தேசீயத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. துவாக்குடி மலையில் அரசாங்கக் கலைக் கலாசாலை உண்டு. 2011-இல் இந்திய மேலாண்மைக் கழகமும் இவ்வட்டாரத்துக்கு வந்தது. இத்தனை வித்தியாசாலைகளின் நிழலிலே வாழும் ஜனங்களே, அவற்றின் வாயிற்கதவு எவ்வாறு திறக்கின்றதென்பதை அறியாமல் மயங்குகின்றனர்.

மயக்கத்திற்குக் காரணம் மொழியிலேயே இருக்கின்றது. நம்மவர் வழக்கில் "போய்ப் பார்த்தல்" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஓரிடத்தைக் கண்ணாற் காண்பது ஒன்று. அவ்விடத்திலுள்ள பெரிய மனிதரைக் கண்டு காரியத்தை முடித்துக்கொள்வது மற்றொன்று. மணியக்காரரைப் பார்ப்பது, தாசில்தாரைப் பார்ப்பது, மந்திரியைப் பார்ப்பது என்றெல்லாம் பல தலைமுறைகளாகச் சொல்லிப் பழகிய நாவு, கலாசாலையைப் பார்ப்பதென்பதையும் அவ்வரிசையிலேயே சேர்த்துவிட்டது. ஆதலால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கலாசாலைக்குச் சென்று வருவதனால், இடமளிக்கும் அதிகாரிகளின் முடிவு மாறுமா? இது முதற்கேள்வி. சென்று வருவதனால் மாணவனுடைய முயற்சியும் தெரிவும் மாறுமா? இது இரண்டாவது. முதற்கேள்விக்கு நாம் சொல்லும் விடை "மாறாது, மாறவுங் கூடாது" என்பது. இரண்டாவதற்கு விடை "நிச்சயமாக மாறும்" என்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேதான் தரகர்கள் பிழைக்கிறார்கள், பிள்ளைகள் நஷ்டமடைகிறார்கள்.

இடம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது?

துவாக்குடிக் கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் பி. டெக். வகுப்பில் சேர விரும்பும் மாணவர் அகில இந்தியக் கூட்டு நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். அத்தேர்வில் கிடைத்த தரவரிசையையும், மாணவர் தாமே எழுதிக் கொடுத்த விருப்ப வரிசையையும், சட்டம் வகுத்த ஒதுக்கீட்டையும் வைத்துக்கொண்டு, கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் 2015 முதல் கம்ப்யூட்டர் மூலமாக இடங்களைப் பங்கிட்டு வருகின்றது. இடங்களிற் பாதி தமிழ் நாட்டினருக்கு. பாதி ஏனைய ராஜ்யத்தாருக்கு. இந்த ஏற்பாட்டில் எவ்விடத்திலேனும் "இம்மாணவன் எங்கள் கலாசாலையை வந்து பார்த்தானா?" என்ற வினாவுக்கு இடமுண்டா? இல்லை. கழகத்தின் தலைவரேயாயினும், தாம் விரும்பிய ஒரு மாணவனுக்கு அவ்வழியில் ஓர் இடம் கொடுத்தல் இயலாது.

ராஜ்ய சர்க்காரின் கீழ் நடைபெறும் எஞ்சினீயரிங் சேர்க்கையும் இத்தகையதே. 1997-இல் அண்ணா சர்வகலாசாலை ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என 200-க்குக் கணக்கிட்ட மதிப்பெண்ணே அங்கே மாணவனுடைய வரிசையை நிர்ணயிக்கின்றது. இருவர் சமமாக நின்றால் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பர், பிறகு பௌதிகம், பிறகு ஏனைய மதிப்பெண்கள், பிறகு பிறந்த தேதி. அப்பொழுதும் சமமாக நின்றால், முன்னரே ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு தீர்ப்பர். நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். குருட்டதிர்ஷ்டத்துக்குக்கூட அவ்வரிசையில் இடங்கொடுத்தார்கள், முகதரிசனத்துக்கு இடங்கொடுக்கவில்லை. 2018-க்கு முன் மாணவர்கள் கலந்தாய்வுக்காகச் சென்னைக்குப் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிரயாணமும் இடத்தைத் தெரிந்தெடுப்பதற்கேயன்றி, இடத்தைச் சம்பாதிப்பதற்கன்று. 2018-இல் அக்கலந்தாய்வும் இணையவழிக்கு மாறியது.

வைத்தியக் கலாசாலைகளைப் பற்றியும் நாம் வேறு விதமாகச் சொல்வதற்கில்லை. 2017 முதல் நமது ராஜ்யத்தில் அமலுக்கு வந்த அகில இந்திய வைத்திய நுழைவுத் தேர்வைப் பற்றி நம் நாட்டில் கடுமையான அபிப்பிராய பேதம் உண்டு. அத்தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைப் பாதிக்கின்றது என்ற குறையைப் போக்கவே, அரசாங்கப் பள்ளிகளிற் பயின்றோருக்கு 2020-இல் வைத்தியப் படிப்பிலும், 2021-இல் எஞ்சினீயரிங் முதலிய படிப்புக்களிலும் 7.5 சதவீத இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டன. தேர்வு எதுவாயினும், ஒதுக்கீடு எதுவாயினும், கலாசாலைக் கட்டடத்தைச் சுற்றி வந்தவனுக்குத் தனிச் சலுகை என்பது இல்லை.

வழக்குக்கள் கற்பித்த பாடம்

இந்த நிலை தானாக வந்ததன்று. முகத்தைப் பார்த்து இடங்கொடுத்த காலமும் நமது நாட்டில் இருந்தது. நியாயஸ்தலங்களின் ஏடுகளைப் புரட்டினால் அக்காலத்தின் கோலம் தெரியும்.

1970-இல் பெரியகருப்பன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. சென்னை ராஜ்யம் தமிழ் நாடெனப் பெயர் மாறியிருந்த புதிது. வைத்தியக் கலாசாலைச் சேர்க்கையில் பாட மதிப்பெண்ணுக்கு 200-ம், நேர்முகப் பரீட்சைக்கு 75-ம் வைத்திருந்தார்கள். விளையாட்டு, பொதுத்தொண்டு, உடல் வலிமை, பொதுத்திறமை, நாட்டம் என்று ஐந்து தலைப்புக்களில் மாணவனை அளக்க வேண்டுமென்பது விதி. தேர்வுக் கமிட்டியாரோ தனித்தனியே அளக்காமல் மொத்தமாக மதிப்பெண்ணை வழங்கினர். அது சட்ட விரோதமென்று நியாயாதிபதிகள் கூறினர். நேர்முகப் பரீட்சைக்கு வைத்த மதிப்பெண் அதிகமென்றும், சர்க்கார் அதனை மறு ஆலோசனை செய்வது தகுமென்றும் சொன்னார்கள். ஆயினும், அவ்வளவு மதிப்பெண் வைப்பதே செல்லாதென்று அன்று கூறத் துணியவில்லை.

அந்தத் துணிவு பத்து ஆண்டுகளுக்குப் பின் பிறந்தது. காச்மீரத்திலே ஸ்ரீநகரத்தில் ஒரு வட்டார எஞ்சினீயரிங் கலாசாலை. நம் துவாக்குடிக் கலாசாலையும் அன்று அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. எழுத்துப் பரீட்சைக்கு 100, நேர்முகப் பரீட்சைக்கு 50 என்பது அங்கே இருந்த முறை. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் நேர்முகத்தின் வசம். ஒவ்வொரு மாணவனிடமும் இரண்டு மூன்று நிமிஷங்களே பேசினார்கள் என்றும், தகப்பனார் யார், ஊர் எது என்பன போன்ற கேள்விகளையே கேட்டார்கள் என்றும், எழுத்துப் பரீட்சையில் முன்னணியில் நின்றவர்கள் நேர்முகத்தினால் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்றும் மனுதாரர்கள் முறையிட்டனர். அஜய் ஹாசியா வழக்கு என்று பிரசித்தி பெற்ற அவ்வழக்கில் 1980 நவம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் நேர்முகப் பரீட்சைக்கு ஒதுக்குவது மனம்போன போக்கென்றும், அரசியல் சாஸனத்தின் சமத்துவ விதிக்கு விரோதமென்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. நேர்முகத்திற் கேட்ட கேள்விகளையும் சொன்ன விடைகளையும் ஒலிப்பதிவு செய்வது நலமென்றும் யோசனை சொல்லிற்று.

அவ்வழக்கின் முடிவில் மற்றொரு செய்தி உண்டு. அதற்குள் காலம் கடந்துவிட்டமையால், இடம் பெற்று வாசித்துக்கொண்டிருந்தவர்களை நியாயஸ்தலம் வெளியேற்றவில்லை. இடம் கிடைக்காமற் போனவர்களுள் சிறந்த ஐம்பதின்மரை, 1981-82 கல்வியாண்டில், வழக்கமான தொகைக்கு மேற்பட்டுச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. நியாயம் கிடைத்தது, ஆனால் இரண்டு ஆண்டுகள் போயின. இரண்டு மூன்று நிமிஷ முகதரிசனம் ஓர் இளைஞனுடைய வாழ்வில் எத்தனை பெரிய பள்ளத்தைத் தோண்டவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் கேட்கப்படாமல், எண்ணைக் கொண்டு இடம் கிடைக்கும் முறை, ஜனங்கள் வழக்காடிப் பெற்ற உரிமையாகும். அவ்வுரிமையைப் பெற்ற பின்னும், "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பது, விலங்கு கழன்ற பின்னும் கால்களை ஒட்டி ஒட்டி நடப்பதை ஒக்கும்.

விலக்குகள்

எங்கும் நேர்முகமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இந்திய மேலாண்மைக் கழகங்களில் பொதுத் தேர்வுக்குப் பின் நேர்முகப் பேச்சு உண்டு. ஆராய்ச்சிப் படிப்புக்களிலும் உண்டு. அங்கேயும் மாணவன் போவது அழைப்பின்மேல்; பேசுவது பாடத்தையும் தன் அனுபவத்தையும் பற்றி. முன்கூட்டியே அவ்விடத்தைச் சுற்றிப் பார்த்தவனென்பதற்காக மதிப்பெண் கூடுவதில்லை.

சுயநிதிக் கலாசாலைகளில் நிர்வாகத்தாருக்கென்று விடப்பட்ட இடங்கள் உண்டு. சிறுபான்மையோர் அல்லாதார் நடத்தும் எஞ்சினீயரிங் கலாசாலைகளில் அவை நூற்றுக்கு 35. சிறுபான்மையோர் நடத்துவனவற்றில் 50. இவ்விடங்களுக்கு நேரிற் செல்லுதல் தேவைப்படுவது மெய். ஆனால் அங்கே வாயிலைத் திறப்பது மாணவனுடைய ஆர்வமா, தகப்பனுடைய பணப்பையா என்பதை நேயர்கள் அறிவார்கள். நன்கொடை என்ற பெயரால் தலைவரி வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நமது ராஜ்யம் தடை செய்தது. சட்டம் இருக்கின்றது. அதனைக் கேட்டு வாங்கும் துணிவு ஜனங்களுக்கு வேண்டும். ரசீது இல்லாத பணம் எதுவும் கொடுக்கலாகாது. ஒற்றைச் சாளரத்தில் மதிப்பெண்ணைக்கொண்டே கிடைக்கக்கூடிய இடத்தை, "நான் போய்ப் பார்த்து வாங்கித் தருகிறேன்" என்று கூறும் தரகனிடம் நிலத்தை அடகு வைத்துப் பெறுவது பேதைமையாகும். கிடைத்த இடம் தானாகக் கிடைத்தது. போன பணம் வீணாகப் போனது.

அமெரிக்காவின் வழக்கம்

அமெரிக்காவிலோ கலாசாலைகளைச் சென்று காண்பதென்பது பெரியதொரு சடங்காக வளர்ந்திருக்கின்றது. பெற்றோர் மோட்டார் காரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கலாசாலை கலாசாலையாகச் சுற்றுவர். அங்குள்ள கலாசாலைகள் சில, எந்த மாணவன் வந்து பார்த்தான், எவன் கடிதம் எழுதினான், எவன் கூட்டத்துக்கு வந்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, இடமளிக்கும்போது அதனையும் கவனிக்கின்றன. "காட்டிய ஆர்வம்" என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பென்ஸில்வேனியாவிலுள்ள லீஹை சர்வகலாசாலைப் பொருளாதார ஆசிரியர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, நேரில் வந்து போன மாணவருக்கு இடங்கிடைக்கும் வாய்ப்பு மிகுதியென்று காட்டிற்று.

காரணம் என்ன? மாணவனிடத்துள்ள அன்பு அன்று. அந்நாட்டில் ஒரே மாணவன் பத்துக் கலாசாலைகளுக்கு மனுப் போடுகிறான். இடங்கொடுத்தாலும் எல்லோரும் வந்து சேர்வதில்லை. இடங்கொடுக்கப்பட்டவரில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்னும் விகிதம் கலாசாலையின் வரவு செலவுக்கும் கௌரவத்துக்கும் அளவுகோலாகின்றது. ஆகவே, வருவானா மாட்டானா என்று கணிப்பதற்கு அவன் செய்த பிரயாணத்தை அடையாளமாகக் கொள்கின்றனர். பிரயாணமோ பணமுள்ளவனுக்கே எளிது. ஏழைக்கு இதனாலுண்டாகும் அநீதியை அந்நாட்டாரே உணர்ந்திருக்கின்றனர். சில கலாசாலைகள் ஏழை மாணவருக்குத் தாமே பிரயாணச் செலவைக் கொடுத்து வரவழைக்கின்றன. ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலியவை இவ்வார்வத்தைத் தாம் கணக்கிலெடுப்பதில்லையென்று தாங்களே வெளியிடும் விவரங்களில் தெரிவித்து வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் 2020 முதல் நேர்முகப் பேச்சையே இணையவழியில் நடத்தி வருகின்றனர்.

மதிப்பெண்ணை விட்டு மனிதனைப் பார்க்கிறோமென்று சொல்லும் முறைக்கு அந்நாட்டில் இருண்டதொரு சரித்திரமும் உண்டு. 1922-இல் ஹார்வர்டு சர்வகலாசாலைத் தலைவர் லோவல், யூத மாணவரின் தொகையைக் குறைக்க வரம்பு கட்ட முயன்றார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. 1926-இல் ஒழுக்கம், ஆளுமை என்ற அளவுகோல்கள் முன்னே வந்தன, புகைப்படமும் கேட்கப்பட்டது. யூத மாணவரின் தொகை குறைந்தது. முகத்தைக் காண்பதற்கு ஆசைப்படும் அதிகாரி, முகத்தில் எதைக் காண விரும்புகிறாரென்பதை எப்பொழுதும் கேட்க வேண்டும். ஜாதியும் ஊரும் பேச்சுத் தோரணையும் ஒருவனுடைய முகத்திலேயே எழுதப்பட்டிருப்பதாக எண்ணும் நமது சமூகத்தில், இக்கேள்வி இருமடங்கு அவசியமாகின்றது. மேனாட்டார் செய்வதெல்லாம் முன்னேற்றமென்று கருதி, இவ்வழக்கத்தையும் இங்கே இறக்குமதி செய்ய எவரேனும் முற்படுவாராயின், தேசபக்தர்கள் அதனை எதிர்க்கவே வேண்டும்.

பின் எதற்காகப் போவது?

அவ்வாறாயின் கலாசாலையைக் காண்பதே வீணா? அன்று. இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகின்றது. நமது முறையில் விருப்ப வரிசையை எழுதுபவன் மாணவன். தேர்வுக்கு மனுப் போடுபவனும் மாணவன். மனுப் போடாதவனுக்குத் தரவரிசை இல்லை. வரிசையில் எழுதாத கலாசாலையில் இடம் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரும் அவன் கேளாததை அவனுக்குக் கொடுக்காது. அதிகாரியின் மனத்தில் ஓர் அணுவையும் அசைக்காத அக்காட்சி, மாணவனுடைய மனத்தில் மலையை அசைக்கவல்லது.

துவாக்குடி வழியாகத் தினந்தோறும் பஸ்ஸிற் போய்வரும் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பெரிய மதிற்சுவரைக் காண்கின்றனர். அது யாருக்காகவோ கட்டியதென்று நினைத்துக்கொள்கின்றனர். அதிற் பாதி இடங்கள் தமிழ் நாட்டினருக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பது அவர்களுக்குத் தெரியுமா? அந்நுழைவுத் தேர்வை 2021 முதல் தமிழிலேயே எழுதலாம் என்பது தெரியுமா? அக்கழகத்து மாணவர்களே ஒரு சங்கம் அமைத்து, அரசாங்கப் பள்ளி மாணவருக்கு அத்தேர்வுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள் என்பது தெரியுமா? அரசாங்கப் பழங்குடியினர் பள்ளிகளிற் படித்தவர்கள் 2024-இல் அதே தேர்வின் வாயிலாக அக்கழகத்தினுள் பிரவேசித்தார்கள். அவர்கள் யாருடைய சிபாரிசையும் கொண்டு போகவில்லை. தேர்வை எழுதலாமென்று ஒருவர் சொன்னார்; எழுதினார்கள்; நுழைந்தார்கள். சொல்வதற்கு ஒருவர் இல்லாத ஊர்களில் என்ன நடக்கின்றது? அறிவுள்ள பிள்ளை மனுவே போடாமல் நின்றுவிடுகிறான். அவன் தோற்றவர் கணக்கிலும் வருவதில்லை. வென்றவர் கணக்கிலும் வருவதில்லை.

இது வெறும் ஊகமன்று. காரொலைன் ஹாக்ஸ்பி, கிறிஸ்டொபர் ஏவரி என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் 2012-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சி, நன்கு படித்த ஏழை மாணவரில் பெரும்பாலோர் சிறந்த கலாசாலைகளுக்கு மனுவே போடுவதில்லையென்று காட்டிற்று. மனுப் போட்ட சிலரோ, செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே இடமும் பெற்றனர், பட்டமும் பெற்றனர். தடை வாயிற்காவலனிடத்தில் இல்லை. வாயிலை அணுகாமையில் இருந்தது. ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தில் மற்றொரு சோதனை நடந்தது. எட்டாம் வகுப்பு மாணவரைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அந்த ராஜ்யத்தின் முதன்மையான சர்வகலாசாலைக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். கண்டு வந்தவர்களுக்குக் கலாசாலையைப் பற்றிய அறிவு மிகுந்தது. ஆசிரியர்களிடம் அதுபற்றிப் பேசினார்கள். மறு ஆண்டில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை எடுத்துக்கொள்வதிலும் முந்தினார்கள். இச்சோதனையில் நாம் கவனிக்க வேண்டுவது வயது. பதினேழில் அன்று, பதின்மூன்றில் அழைத்துச் சென்றார்கள். பரீட்சை முடிந்த பின் கலாசாலையைக் காட்டுவது, அறுவடை முடிந்த பின் மழை பெய்வதைப் போன்றது.

நமது சர்க்காரும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 2022-இல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தின் கீழ் அரசாங்கப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அருகிலுள்ள கலாசாலைகளுக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்லப்பட்டனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு என்பது காலங்கடந்த பருவம். கணக்கும் விஞ்ஞானமும் எடுப்பதா வேண்டாமா என்று பத்தாம் வகுப்பு முடிவிலேயே பிள்ளை தீர்மானித்துவிடுகிறான். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அக்காட்சி அவன் கண்ணிற் பட வேண்டும்.

எதைக் காண வேண்டும்?

கலாசாலைக்குப் போகும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முகப்புக் கட்டடத்தையும் புல்தரையையும் கண்டு மயங்க வேண்டாம். புத்தகசாலைக்குச் செல்லுங்கள், மாணவர் அமர்ந்து வாசிக்கின்றனரா, பூட்டிக் கிடக்கின்றதா என்று பாருங்கள். சோதனைச் சாலையில் யந்திரங்கள் ஓடுகின்றனவா, உறையிட்டு வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். விடுதிச் சாப்பாட்டுக்கு மாதம் என்ன ஆகின்றதென்பதை அலுவலகத்தில் கேளாமல், அங்கே உண்ணும் மாணவனைக் கேளுங்கள். விரும்பும் பாடத்துக்கு ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தொழில்நுட்பக் கல்விக் கௌன்ஸிலின் அங்கீகாரமும், சர்வகலாசாலையின் இணைப்பும் அவ்வாண்டுக்கு உண்டாவென்று கேளுங்கள். அச்சிட்ட விளம்பரத்தில் கண்டதையும் கண்ணெதிரே கண்டதையும் ஒத்துப் பாருங்கள். இவ்விதம் செல்வது தயவு வேண்டிச் செல்வதன்று, சோதிக்கச் செல்வது. கலாசாலை உங்களைத் தெரிந்தெடுப்பதற்கு முன், நீங்கள் கலாசாலையைத் தெரிந்தெடுக்கிறீர்கள்.

"கண்டால் ஆசை உண்டாகும், கிடைக்காவிட்டால் பிள்ளை ஏங்கிப் போவான், காணாமலிருப்பதே மேல்" என்று சொல்லும் பெரியோர் உண்டு. இவ்வாதம் கருணையினின்று பிறப்பதாயினும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. ஆசைப்பட்டுக் கிடைக்காதவன் அடுத்த கலாசாலையைத் தேடுவான். ஆசைப்படவே அறியாதவனுக்கு அடுத்ததும் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அவன் தகப்பனும் மாமனும் படித்த கலாசாலைக் கதை தொட்டிலிலிருந்தே காதில் விழுகின்றது. முதல் தலைமுறையாகப் படிக்கப் புகும் பிள்ளைக்கு அக்கதையைச் சொல்வார் யார்? ஒரு நாள் காட்சியாவது அக்குறையை ஓரளவு நிரப்பட்டும்.

"பெண்ணை அவ்வளவு தூரம் ஏன் அழைத்துப் போக வேண்டும்?" என்பாரும் உளர். பெண்ணுக்கே இது மிகவும் வேண்டியது. விடுதி எப்படியிருக்கின்றது, பாதை எப்படியிருக்கின்றது என்று தெரியாமையினாலேதான் எத்தனையோ தாய்மார் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகின்றனர். தாயும் மகளும் சேர்ந்து சென்று கண்டுவந்தால், அச்சத்தினாற் சொன்ன "வேண்டாம்" பல வீடுகளில் "பார்க்கலாம்" என்று மாறும்.

தொண்டர்களுக்கு வேண்டுகோள்

நமது நண்பர்களான தேசத்தொண்டர்களிடம் வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம். ஆண்டுதோறும் கோடையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் தகப்பன்மார் வந்து நிற்கின்றனர். நீங்களும் மனமிரங்கிச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறீர்கள். தரவரிசைப்படி இடங்கொடுக்கும் கலாசாலையில் அக்கடிதம் செல்லாது. செல்லும் இடம் எங்கேனும் இருப்பின், அங்கே அது மற்றொரு ஏழையின் இடத்தைப் பறித்தே இவனுக்குக் கொடுக்கும். இரண்டில் எதுவானாலும் அது தேசத்தொண்டாகாது. கடிதத்துக்குச் செலவிடும் காலத்தைக் கொண்டு ஆண்டில் ஒரு நாள் ஒரு பஸ்ஸை அமர்த்துங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைத் தலைமையாசிரியரின் சம்மதத்தோடு ஏற்றிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கலாசாலை. மாலையில் ஒரு கலாசாலை. உள்ளூரிலிருந்து அங்கே சென்று படிக்கும் மாணவன் ஒருவனையே வழிகாட்டியாக வையுங்கள். திரும்பி வந்ததும், எந்தத் தேர்வு, எந்த மாதம் மனு, எந்த மொழியில் எழுதலாம், எந்த ஒதுக்கீடு என்பதை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். நூறு சிபாரிசுக் கடிதம் செய்யாததை இந்த ஒரு தாள் செய்யும்.

கலாசாலை அதிபர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் மதிற்சுவருக்கு வெளியே வசிக்கும் ஜனங்களின் வரிப்பணத்திலும் நன்கொடையிலும் உங்கள் ஸ்தாபனங்கள் வளர்ந்தன. ஆண்டில் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, சுற்றுக் கிராமத்துப் பள்ளிகளை நீங்களே அழையுங்கள். வந்தவன் பெயரைக் குறித்து வைத்துச் சலுகை கொடுக்க வேண்டாம். வராதவனுக்குக் குறைவும் செய்ய வேண்டாம். இடம் பங்கிடுவதில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இடம் காட்டுவதில் கதவைத் திறந்து வையுங்கள்.

திருவெறும்பூர்க் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் எறும்பீசுவரரின் தலவரலாற்றை இவ்வூரார் அனைவரும் அறிவர். எறும்பு வடிவெடுத்து வழிபட வந்த தேவர்கள் வழுவழுப்பான லிங்கத்தின்மேல் ஏற முடியாமல் தவிக்க, ஈசன் புற்றாகித் தம் திருமேனியைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது ஐதிகம். எறும்புகளும் குன்றேறி வந்தன, ஈசனும் சாய்ந்தார். நம் பிள்ளைகள் ஏறத் தயாராயிருக்கின்றனர். குன்றின் அடிவாரத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வது நமது கடமை. அவர்கள் ஏறும்படி சிறிது சாய்ந்து கொடுப்பது கலாசாலைகளின் கடமை. வருகின்ற பள்ளி ஆண்டிலேயே இவ்வேலையைத் தொடங்குமாறு தொண்டர்களையும் கலாசாலையாரையும் கேட்டுக்கொள்கிறோம்.